குளக்கரையில் முப்பத்தெட்டு வருசம்



கிறிஸ்தவச் சபைகளில் அட்வெந்து காலம் தொடங்குகிறது. கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்பார்கள். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள். வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நான்கு வாரமும் பிரசங்கம் ஒரே சொல்லைச் சுற்றித்தான் வரும்: காத்திருங்கள். பாடுகளின் காலம் அர்த்தமில்லாமல் வருவதில்லை, பொறுமையோடு காத்திருங்கள்.

தலித் விடுதலை பேசும் பத்திரிகையின் தலையங்கத்தில் அட்வெந்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம் சனங்களில் ஒரு பகுதி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதே சனங்களிடம் அரசாங்கமும் 75 ஆண்டுகளுக்கு மேலாக அதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. கோயில் மேடையிலிருந்தும் கோர்ட்டு மேடையிலிருந்தும் ஒரே சொல் வருகிறதென்றால், அந்தச் சொல்லைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்ப்பது நம் வேலை.

இன்னொன்றும் உண்டு. டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாள், எந்த ஆண்டானாலும் அட்வெந்துக்குள்தான் விழுகிறது. அட்வெந்து முடிகிற டிசம்பர் 25, கீழவெண்மணியின் நாள். 1968 இல் அந்த இரவில்தான் தஞ்சை மாவட்டத்துக் குடிசையொன்றில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். ஆக இந்தக் காத்திருப்புக் காலத்தின் ஒரு ஓரத்தில் நம் தலைவரின் சாவும் மறு ஓரத்தில் நம் சனங்களின் சாம்பலும் இருக்கின்றன. மெழுகுவர்த்தி ஏற்றுகிற கை இந்த இரண்டையும் தொடாமல் ஏற்ற முடியாது.

*

கொஞ்சம் சொந்தக் கதை. அது இல்லாமல் இந்தத் தலையங்கத்தை எழுத முடியவில்லை. கவிதையாக எழுதிப் பார்த்தேன், கவிதை அழகாக வந்து தொலைத்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

அந்தியூர்ப் பக்கம் எங்கள் ஆட்கள் மாதாரிகள், அருந்ததியர். என் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, தோல் வேலைக்காரர். தோட்டத்துக் கிணறுகளில் கவலை இறைத்த காலத்தில் தண்ணீர் மொள்ளுகிற தோல் பறியைத் தைத்துக் கொடுப்பது அவர் வேலை. அவர் தைத்த பறியில்தான் மஞ்சள் தோட்டத்துக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் தண்ணீர் போனது. ஆனால் தாகமெடுத்தால் அவர் அந்தக் கிணற்றில் இறங்க முடியாது. வாய்க்கால் ஓரம் குத்தவைத்துக் கையைக் குவித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். யாராவது மனசு வந்து எட்ட நின்று ஊற்றினால் குடிக்கலாம். தண்ணீரை மேலே கொண்டுவரும் தொழில் தெரிந்தவன், தண்ணீருக்காக இன்னொருத்தன் மனசு வரும்வரை உட்கார்ந்திருந்தான். எங்கள் வீட்டில் 'காத்திருப்பு' என்ற சொல்லுக்கு முதல் பொருள் அதுதான்.

அவர் வேதத்துக்குப் போனார். ஏன் போனீங்க என்று சின்ன வயதில் கேட்டேன். "உபதேசியாரு நம்ம சாளைக்குள்ள வந்து, நம்ம சொம்புல தண்ணி வாங்கிக் குடிச்சாரு கண்ணு. அதுக்கு மேல எனக்கு வேதம் படிச்சுக் காட்டோணுமா?" என்றார். இத்தனை வருசம் படித்த எந்த இறையியல் புத்தகமும் இந்தப் பதிலைத் தாண்டி என்னைக் கூட்டிப்போகவில்லை.

அம்மா கிறிஸ்தவள். அப்பா கடைசிவரை ஞானஸ்நானம் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் சைக்கிளில் கூட்டிவந்து சபை வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அக்கா பிறந்தபோது அம்மா ஆசைப்படி ஞானஸ்நானம் ஆயிற்று. நான் பிறப்பதற்குள் அப்பாவுக்குச் சாதிச் சான்றிதழ் விவகாரம் தெரிந்துவிட்டது. ஐயரிடம் போய்ச் சொன்னாராம்: "பெரியவளுக்குக் குடுத்துட்டோமுங்க. சின்னவனுக்கு இப்பத்திக்கு வேண்டாமுங்க. ஒரு வேலைல உக்காரட்டுமுங்க. ஆண்டவரு அதுவரைக்கும் பொறுத்துக்குவாருங்க."

ஆண்டவரையே காத்திருக்கச் சொன்ன மனுசன் என் அப்பா.

அக்கா பிளஸ் டூவில் என்னைவிட நல்ல மார்க். சான்றிதழில் 'பிற்படுத்தப்பட்டோர்' என்று வந்தது. அப்படித்தான் தமிழ்நாட்டில் எழுதுவார்கள். தாழ்த்தப்பட்ட சாதியிலிருந்து கிறிஸ்தவரானால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். சேரியை விட்டு ஒரு அடி நகராமலேயே எங்கள் அக்கா நிலம் வைத்திருப்பவர்களோடும் தறி வைத்திருப்பவர்களோடும் போட்டிக்கு நிறுத்தப்பட்டாள். உதவித்தொகையும் கிடைக்கவில்லை, இடமும் கிடைக்கவில்லை. மூன்று வருசம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொன்ன ஒரு நூல் மில்லுக்குப் போனாள். 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்கு மங்கலமான பெயர் வேறு. அந்த மூன்று வருசமும் ஒரு காத்திருப்புத்தான்.

நான் இந்து அருந்ததியன் என்ற சான்றிதழோடு படித்தேன், தேர்வு எழுதினேன், வங்கியில் எழுத்தனானேன். ஒரே வயிறு, ஒரே சாளை, ஒரே டீக்கடையில் ஒரே தனிக் கிளாஸ். ஒருத்திக்கு நெற்றியில் தண்ணீர் பட்டது, ஒருத்தனுக்குப் படவில்லை. இன்றைக்கும் சபையில் கடைசிப் பெஞ்சில் உட்காருகிறேன். அப்பாவின் புளியமரத்திலிருந்து கடைசிப் பெஞ்சு வரை, ஒரு தலைமுறையில் நாங்கள் கடந்த தூரம் அவ்வளவு. இராப்போஜனத்துக்கு எல்லோரும் எழுந்து பந்திக்குப் போகும்போது நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். அக்கா திரும்பி வரும்போது என் தோளை ஒருதரம் தொட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போவாள்.

இதை அச்சில் எழுதுவது எனக்குப் பத்திரமான காரியமல்ல என்று தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

*

யோவான் எழுதிய சுவிசேஷத்தில் ஐந்தாம் அதிகாரம். எருசலேமில் ஆட்டு வாசலருகே பெதஸ்தா என்றொரு குளம், ஐந்து மண்டபங்களோடு. தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குகிறவனுக்குச் சுகம் கிடைக்கும் என்பது அந்தக் குளத்தின் விதி. அங்கே ஒருவன் 38 வருசமாக நோயோடு கிடக்கிறான். இயேசு அவனிடம் பேசும்போது அவன் சொல்கிற குறை இதுதான்: என்னைத் தூக்கிக் குளத்தில் விட ஆளில்லை, நான் போவதற்குள் வேறொருவன் எனக்கு முன்னால் இறங்கிவிடுகிறான்.

இதை எந்தச் சேரிக்காரனுக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவிலும் அப்படியொரு குளம் வெட்டப்பட்டது. 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பெயரில் வந்த அரசியலமைப்பு (தாழ்த்தப்பட்ட சாதிகள்) ஆணை. அதன் மூன்றாம் பத்தி, இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிற எவரும் தாழ்த்தப்பட்ட சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956 இல் சீக்கியர்களுக்குக் கதவு திறந்தது. 1990 இல் பௌத்தர்களுக்குத் திறந்தது. இரண்டும் சரி, நமக்கு அதில் மகிழ்ச்சிதான். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மட்டும் மண்டபத்திலேயே கிடக்கிறார்கள். பெதஸ்தாக்காரன் கிடந்தது 38 வருசம். நம்மவர்கள் அதைப்போல் இரண்டு மடங்கு கிட்டத்தட்ட முடித்துவிட்டார்கள்.

சென்னையில் காந்தி இர்வின் சாலை முனையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவரை இந்த நாட்டின் சட்டப் புத்தகம் அறியும். ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். தெருவோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் அதே ஊசி, அதே நூலோடு உட்கார்ந்திருந்த இந்துத் தொழிலாளிக்குக் கடை கிடைத்தது, இவருக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 இல் தீர்ப்பு. கிறிஸ்தவரான பிறகும் சாதியின் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று மனு தள்ளுபடியானது. சூசை என்றால் யோசேப்பு. பெத்லகேமில் சத்திரத்தில் இடமில்லை என்று திருப்பியனுப்பப்பட்டவனின் பெயர். அந்தப் பெயர்க்காரருக்கு ஒரு பெட்டிக்கடைக்குக்கூட இடமில்லை.

சரி, ஆதாரம்தானே கேட்டார்கள்? 2004 இல் உச்ச நீதிமன்றத்தில் புதிய வழக்கு போடப்பட்டது. நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா தலைமையிலான ஆணையம் 2007 இல் அறிக்கை தந்தது. மூன்றாம் பத்தியை நீக்க வேண்டும், தாழ்த்தப்பட்டோர் தகுதியை மதத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்றது. 2008 இல் தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்துக்காகச் சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே தலைமையில் ஓர் ஆய்வறிக்கை வந்தது. மதம் மாறிய தலித்துகளின் நிலை மற்றத் தலித்துகளின் நிலையிலிருந்து விலக்கி வைக்கும் அளவுக்கு வேறுபட்டதல்ல என்று அது புள்ளிவிவரத்தோடு காட்டியது. பிறகு? மிஸ்ரா அறிக்கை குறையுள்ளது என்று ஒன்றிய அரசு 2022 இல் நீதிமன்றத்தில் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தது. இரண்டு வருசம் அவகாசம். 2024 இல் அது நீட்டிக்கப்பட்டது. ஆதாரம் கொண்டுவா என்றார்கள், கொண்டுவந்தோம். இது செல்லாது, வேறு கொண்டுவா என்கிறார்கள். 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு அனுப்பியது. அதுவும் வரிசையில் நிற்கிறது.

இதிலுள்ள விசித்திரத்தைப் பாருங்கள். மதம் மாறினால் சாதி போய்விடுகிறது என்கிறது சட்டம். திரும்பி இந்துவானால் சாதி திரும்பி வந்துவிடும் என்பதும் சட்டம்தான். 1984 இல் கைலாஷ் சோன்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கிரகணத்தோடு ஒப்பிட்டது. அதாவது சாதி சாகவில்லை, மறைந்திருக்கிறது. அய்யா, மறைந்திருப்பது உங்கள் கண்ணுக்குத்தான். டீக்கடைக்காரன் கண்ணுக்கு ஒருநாளும் கிரகணம் பிடித்ததில்லை.

2024 நவம்பர் 26 அன்று, அரசியலமைப்பு நாளன்றே, இன்னொரு தீர்ப்பு. புதுச்சேரியில் எழுத்தர் வேலைக்காகத் தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் கேட்ட, ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண்ணின் வழக்கு. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது நீதிமன்றம். மோசடி என்ற அந்தச் சொல் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கா அதைப் பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

*

அரசை மட்டும் குறை சொல்லிவிட்டுச் சபையைத் தப்பவிட முடியாது. குளக்கரை மண்டபத்தைக் கட்டியதில் சபைக்கும் பங்குண்டு.

1606 இல் மதுரைக்கு வந்த நோபிலி, உயர்சாதியாரைக் கவரச் சந்நியாசி வேடம் பூண்டார். 1640 இல் பல்தசார் த கோஸ்தா, ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் போவதற்குப் பண்டாரச்சாமி வேடம் பூண்டார். ஒரே கர்த்தர், இரண்டு வகைக் குருமார். சீர்திருத்தச் சபைகளின் பக்கம், 1833 இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே முற்றாக விட்டொழிக்க வேண்டுமென ஆணையிட்டார். தஞ்சாவூரில் எதிர்ப்பு கிளம்பியது. பலர் சாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டார்கள்.

இது பழங்கதை இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவே சுவர். 2008 மார்ச்சில் எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் கத்தோலிக்கர்கள்தான். 2003 இல் போப் இரண்டாம் யோவான் பவுல் தமிழ்நாட்டு ஆயர்களிடம், சாதி வேற்றுமை கிறிஸ்தவ வாழ்வுக்கே எதிரானது என்று நேராகச் சொல்ல வேண்டி வந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு கொள்கை ஆவணம் வெளியிட 2016 ஆயிற்று. முதல் தலித் கர்தினாலாக ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா உயர்த்தப்பட 2022 ஆயிற்று. பாமாவின் 'கருக்கு' 1992 இல் வந்தது. மடத்துக்குள் இருந்து பார்த்ததை அவர் எழுதி முடித்து 24 வருசம் கழித்துத்தான் ஆயர்களின் ஆவணம் வருகிறது.

நாமும் யோக்கியர்கள் இல்லை. பறையர் சபையில் அருந்ததியனுக்கு எந்தப் பெஞ்சு என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே சபை மேடையிலிருந்து 'பொறுமையாய்க் காத்திருங்கள்' என்று வரும்போது நாம் கேட்க வேண்டியது: சொல்வது யார்? யாரிடம்? 1963 ஏப்ரல் 12, பெரிய வெள்ளியன்று, அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் மார்ட்டின் லூதர் கிங் கைதானார். அவரை அவசரப்படாதே, பொறு என்று அறிக்கை விட்டவர்கள் நிறவெறிக் கும்பல்காரர்கள் அல்ல. எட்டு வெள்ளைக்கார மதத் தலைவர்கள், நல்லவர்கள். அவர்களுக்குத்தான் கிங் சிறையிலிருந்து அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார். பொறு என்று சொல்வதற்கு யாருக்கு உரிமை உண்டு என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

நான் வங்கியில் வேலை செய்கிறவன். காத்திருக்க வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். டோக்கன் கொடுத்து உட்கார வைப்பது, ஒரு கையெழுத்துக் குறைகிறது நாளைக்கு வா என்பது, சாப்பாட்டு நேரம் என்பது. அதிகாரம் அடிப்பதற்கு முன்னால் செய்கிற முதல் வேலை காத்திருக்க வைப்பதுதான். எங்கள் பக்கத்துக் காலனியிலிருந்து இரண்டு அண்ணன் தம்பிகள் கறவை மாட்டுக் கடனுக்காக வந்தார்கள். தாட்கோ மானியம். அண்ணன் இந்து, தம்பி கிறிஸ்தவன். அண்ணன் தாள் உள்ளே போயிற்று. தம்பிக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை என்று சொல்ல வேண்டியவன் நான். அவன் கோபப்படவில்லை. "ரெண்டு பேருத்துக்கும் டீக்கடைல ஒரே கிளாஸ்தானுங்க. கிளாஸ் மாறுல. கடன்தான் மாறிப்போச்சுங்க" என்றான். நான் கடைசிப் பெஞ்சுக்காரன், குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

*

அப்படியானால் காத்திருப்பு என்ற சொல்லைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாமா? சில தோழர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. எங்கள் அம்மாவும் அக்காவும் இருட்டில் உட்கார்ந்து செய்கிற செபத்தில் ஏமாற்று மட்டும்தான் இருக்கிறது என்று சொல்ல என் வாய் வராது. அவர்கள் கும்பிடுகிற கடவுளின் புத்தகத்தை அவர்கள் பக்கம் நின்று வாசித்தால் வேறொன்று தெரிகிறது.

பெதஸ்தாவுக்கே திரும்புவோம். 38 வருசம் கிடந்தவனிடம் இயேசு 'இன்னும் கொஞ்சம் பொறு, உன் பாடுகளில் பாடம் இருக்கிறது' என்று சொல்லவில்லை. அவனைத் தூக்கிக் குளத்தில் விடவுமில்லை. குளத்தின் விதியையே ஒதுக்கிவிட்டார். எழுந்திரு, படுக்கையை எடுத்துக்கொண்டு நட என்றார். அன்றைக்கு ஓய்வுநாள். படுக்கை சுமப்பது சட்டவிரோதம். சட்டம் தெரிந்தவர்கள் உடனே வந்துவிட்டார்கள். 38 வருசம் ஒருத்தன் கிடந்தது அவர்கள் கண்ணில் படவில்லை, ஒருநாள் படுக்கையைச் சுமந்தது பட்டுவிட்டது.

ஏன் படுக்கையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்? விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாமே. எனக்குத் தோன்றுவது இதுதான். படுக்கைதான் ஆதாரம். அவன் எத்தனை வருசம் கிடந்தான் என்பதற்குத் தெருவில் எல்லோருக்கும் தெரிகிற சாட்சி. காத்திருந்த காலத்தை மறைக்காதே, தோளில் போட்டுக்கொண்டு ஊர் நடுவே நட என்பதுதான் அந்தக் கட்டளை.

லூக்கா 18 இல் ஒரு விதவை வருகிறாள். நியாயம் செய்யாத நீதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போய் அவன் தூக்கத்தைக் கெடுக்கிறாள். அவளைத்தான் இயேசு சோர்ந்துபோகாத செபத்துக்கு உதாரணம் காட்டுகிறார். செபம் என்றால் முட்டிபோட்டு முணுமுணுப்பது என்று யார் சொன்னது? லாசரு சாகக் கிடக்கும்போது இயேசு இரண்டு நாள் தாமதிக்கிறார். வந்து சேர்ந்தபோது மார்த்தாள் பூமாலையோடு நிற்கவில்லை. நீர் இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்கமாட்டான் என்று முகத்துக்கு நேரே கேட்கிறாள். கேட்டதற்காக அவள் கடிந்துகொள்ளப்படவில்லை. அட்வெந்தில் வாசிக்கிற மரியாளின் பாட்டு தாலாட்டு அல்ல. பலவான்கள் ஆசனத்திலிருந்து தள்ளப்படுவதையும் பசித்தவர்கள் நிறைவதையும் பாடுகிறாள், வயிற்றில் பிள்ளையோடு.

வேதத்துக்குள் இரண்டு காத்திருப்பு இருக்கிறது. ஒன்று, மேலே இருப்பவன் கீழே இருப்பவன் மேல் சுமத்துவது. எகிப்தில் பார்வோன் சுமத்தியது, குளக்கரையில் விதி சுமத்தியது. இதற்கு ஆன்மீக அர்த்தம் எதுவுமில்லை. இருப்பதாகச் சொல்பவன் பார்வோனின் பூசாரி. மற்றது, ஒடுக்கப்பட்டவன் தானே ஏந்திக்கொள்வது. வரப்போவது வரும் என்பதால் இருப்பதை ஏற்கமாட்டேன் என்கிற பிடிவாதம். முதலாவது காத்திருப்பு கண்ணை மூடச் சொல்லும். இரண்டாவது தூங்கவிடாது. எங்கள் சனங்களின் கஷ்டகாலத்தில் தெய்வீகம் இருக்கிறதென்றால் அது கஷ்டத்தில் இல்லை, அந்தப் பிடிவாதத்தில்தான் இருக்கிறது.

அம்பேத்கர் இந்துவாகச் சாகமாட்டேன் என்று இயோலாவில் அறிவித்தது 1935 அக்டோபரில். பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14 அன்று. இடையில் 21 வருசம். அந்த 21 வருசமும் ஒரு அட்வெந்துதான். அவர் அதில் சும்மா உட்காரவில்லை. படித்தார், கட்சி கட்டினார், சட்டம் எழுதினார், பதவியைத் தூக்கியெறிந்தார். கிறிஸ்தவரான தலித்துகளைப் பற்றிக் கடுமையாகவே எழுதியவர் அவர். மதம் மாறியபின் தங்கள் துன்பத்துக்காகக் குரல் எழுப்பாமல் அடங்கிவிட்டார்கள் என்பது அவர் குறைபாடு. அந்தக் குறைக்குப் பதில் சொல்லாமல் தலித் கிறிஸ்தவன் அவர் படத்துக்கு மாலை போடக்கூடாது.

பதில் சொன்னவர்களும் இருக்கிறார்கள். ஏ.பி. நிர்மல் 1980களில் தலித் இறையியலுக்கு அடிபோட்டார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஜே. தியோபிலஸ் அப்பாவு, நம் 'பறட்டை' அண்ணன், பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். சேரி மெட்டில் வழிபாடு கட்டினார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் உண்பதுதான் திருவிருந்தின் பொருள் என்று சொல்லிக்கொடுத்தார். 2005 இல் போய்விட்டார். அவர் விட்டுப்போன அடி எத்தனை சபைகளில் இன்னும் கேட்கிறது?

*

ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். கிறிஸ்தவர்களைச் சேர்த்தால் நம் பங்கு குறையுமே என்று இந்துத் தலித் தோழர்கள் கேட்கிறார்கள். பயம் பொய்யல்ல. தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோருக்கு 18 சதவீதம், அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு. இருக்கிற இலையையே இன்னும் துண்டு போடச் சொல்லவில்லை. ஆள் கூடினால் இலையைப் பெரிதாக்கு என்கிறோம். எண்ணிக்கைக்கு ஏற்பச் சதவீதத்தை உயர்த்திச் சேர்க்க வேண்டும். அதோடு இது வேலைக்கான சண்டை மட்டுமல்ல. 1989 இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இதே பட்டியலை வைத்துத்தான் யாரைக் காக்கலாம் என்று தீர்மானிக்கிறது. அடிபடும்போது சாதி பார்த்து அடிக்கிறான், வழக்குப் போடும்போது மதம் பார்த்துக் கைவிரிக்கிறார்கள். தனித் தொகுதியில் நிற்கவும் முடியாது. நம் தம்பி அடிபட்டுக் கிடக்கும்போது இலையைப் பற்றிப் பேசுவது நமக்கு அழகா?

எனவே சபைகளுக்கு நம் கோரிக்கைகள் இவை. ஆகஸ்ட் 10 ஐக் கருப்பு நாள் என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறீர்கள். அந்தியூரில் அந்தச் சமயம் ஆடிமாதக் குருநாதசாமி கோயில் தேரும் குதிரைச் சந்தையுமாக ஊர் களைகட்டியிருக்கும். கருப்புக் கொடி யார் கண்ணிலும் படாது. வளாகத்துக்குள் கொடி கட்டியது போதும், வெளியே வாருங்கள். அட்வெந்தின் முதல் ஞாயிறு, முதல் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அந்த மூன்றாம் பத்தியை மேடையிலிருந்து உரக்க வாசியுங்கள். டிசம்பர் 6 அன்று ஆலய மணி அடியுங்கள். டிசம்பர் 25 செபத்தில் வெண்மணியின் 44 பேரையும் நினையுங்கள். கல்லறைச் சுவர் எங்கேயிருந்தாலும் அடுத்த ஈஸ்டருக்குள் இடியுங்கள், கல்லைப் புரட்டிய பண்டிகைதானே அது. உங்கள் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளில் தலித் கிறிஸ்தவர்களுக்கு எத்தனை இடம் என்று கணக்கை வெளியிடுங்கள். அதற்கு நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியதில்லை.

போன அட்வெந்தில் அக்காவிடம் சொன்னேன்: முடிவெடுத்துவிட்டேன், ஞானஸ்நானம் வாங்கிக்கொள்கிறேன், வருவது வரட்டும், நீ தனியாகப் பந்திக்குப் போனது போதும். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமலே சொன்னாள்:

"அது உனக்கும் ஆண்டவருக்கும் இருக்கறது தம்பி, எப்பத் தோணுதோ வாங்கிக்க. ஆனா எனக்காகன்னு வாங்காத. பந்திக்கு எல்லாரும் எந்திரிச்சுப் போறப்ப ஒரு ஆளு உக்காந்திருந்தா, புதுசா வர்ற ஐயரு கேப்பாரு. புள்ளைங்க கேக்கும், ஏன் மாமா மட்டும் வர்லைன்னு. கேட்டா நாஞ் சொல்லுவேன். நீயும் எந்திரிச்சுட்டா ஆருக்கும் ஒண்ணும் தெரியாமயே போயிரும்."

மூன்று வருசம் மில்லில் காத்திருந்தவள், 20 வருசத்துக்கு மேல் சான்றிதழுக்காகக் காத்திருப்பவள் சொன்னது. எனக்கு அதில்தான் பெதஸ்தாக்காரனின் படுக்கை புரிந்தது.

இந்த ஞாயிறும் கடைசிப் பெஞ்சில்தான் இருப்பேன். பொறுமையாக அல்ல. கேட்கிறவர்கள் கேளுங்கள், சொல்லுவோம்.

ஆசிரியர் குழுவுக்காக,
அந்தியூரிலிருந்து